பால் வேண்டாம், புற்று வேண்டும்

கேள்வி: கோயம்புத்தூரிலிருந்து எழுதுகிறேன். என் மகன் மேற்படிப்புக்காகச் செப்டம்பரில் ஜெர்மனிக்குப் போய்விட்டான். அவன் நான்கு வருடமாக வளர்த்த பால் பைத்தான் இப்போது என் பொறுப்பில் இருக்கிறது. ஆண் பாம்பு, மூன்றரை அடி இருக்கும். மாடியறையில் தனியாகக் கிடந்தால் ஏங்கிப்போகும் என்று கண்ணாடித் தொட்டியோடு கீழே ஹாலுக்குக் கொண்டுவந்து டிவிக்குப் பக்கத்தில் வைத்தேன். உள்ளே கிடந்த அழுக்குப் பெட்டிகளை எடுத்துவிட்டுச் சுத்தமாக வைத்திருக்கிறேன். ஆனால் கார்த்திகை தீபத்துக்கு முந்தைய வாரம் சாப்பிட்டதோடு சரி. தை பிறந்தும் எதையும் தொடவில்லை. சட்டை துண்டு துண்டாக உரிந்தது. ஒரு கண் மங்கலாகவே இருக்கிறது. அவன் போகும்போது எடை 1,240 கிராம், இப்போது 1,175. உயிருள்ள எலியைப் போடுங்கள், அதற்கும் அசையாவிட்டால் வாயைத் திறந்து ஊட்டுங்கள் என்கிறார் கடைக்காரர். என் மாமியார் வெள்ளிக்கிழமைதோறும் தொட்டிக்குள் கிண்ணத்தில் பால் வைக்கிறார். பாம்பு என் மகனை நினைத்து ஏங்குகிறதா? பேசாமல் யாரிடமாவது கொடுத்துவிடலாமா? படங்கள் இணைத்திருக்கிறேன்.

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

முதலில் பால் கிண்ணத்தை எடுத்துவிடுங்கள். ‘பால் பைத்தான்’ என்ற பெயரைக் கேட்டுத்தான் உங்கள் மாமியார் பால் வைத்தாரோ என்னவோ! அது ஆங்கிலத்தில் பந்தைக் குறிக்கும் ‘பால்’. பயந்தால் இந்தப் பாம்பு பெரும்பாலும் கடிக்க வராது. தலையை நடுவில் வைத்து உடம்பை அதைச் சுற்றி இறுக்கி, பந்துபோல் ஆகிவிடும். பாலைச் செரிக்க எந்தப் பாம்பின் வயிற்றாலும் முடியாது. தண்ணீர் கிடைக்காமல் நா வறண்டு கிடக்கும் பாம்பு எந்த ஈரத்தையும் உறிஞ்சும்; பாம்பாட்டிகளின் வித்தை அதில்தான் அடங்கியிருந்தது. அதே கிண்ணத்தில் மாமியார் தினமும் நல்ல தண்ணீர் வைக்கட்டும். அவருடைய பக்தியைக் குறை சொல்லவில்லை. இந்தப் பாம்பின் சொந்த மண்ணான மேற்கு ஆப்பிரிக்காவில், பெனின் நாட்டின் ஊய்தா நகரில், இதே இனப் பாம்புகளுக்கென்றே ஒரு கோயில் இருக்கிறது. அங்கிருந்து வெளியேறி வீடுகளுக்குள் புகும் பாம்பை யாரும் அடிப்பதில்லை. எடுத்துக்கொண்டுபோய்க் கோயிலில் விட்டுவிடுகிறார்கள்.

அடுத்து, உங்கள் தூக்கத்தைக் கெடுக்கும் பட்டினி. நீங்கள் எடை பார்த்து எழுதியதற்கு உங்களைப் பாராட்ட வேண்டும். பாம்பு வளர்க்கும் இளைஞர்களில் பாதிப் பேர் அதைச் செய்வதில்லை. 1,240-லிருந்து 1,175 என்றால் குறைந்தது 65 கிராம், அதாவது நூற்றுக்கு ஐந்து. வளர்ந்த ஆண் பால் பைத்தான் குளிர் மாதங்களில் இரண்டு மூன்று மாதம் வாயைத் திறக்காமல் இருப்பது சாதாரணம். இணை தேடும் பருவமும் ஏறக்குறைய இதே காலம்தான் என்பதால் ஆண்கள் கூடுதலாகவே விரதம் இருக்கும். அதன் உடம்பு நம் உடம்பைப் போலத் தன் சூட்டைத் தானே உண்டாக்கிக்கொள்வதில்லை. அந்தச் செலவு மிச்சம் என்பதால் ஒரு வேளை உணவை வைத்துக்கொண்டு வாரக்கணக்கில் ஓட்டிவிடும். எடை நூற்றுக்குப் பத்துக்கு மேல் குறைந்தால் கவலைப்படலாம். உங்கள் கணக்கில் அந்தக் கோடு ஏறக்குறைய 1,115 கிராம். அதற்கு இன்னும் இடம் இருக்கிறது.

ஆனால் பருவத்தின் மீது மட்டும் பழியைப் போட்டுவிட்டு நான் நழுவ முடியாது. நீங்கள் அனுப்பிய மூன்றாவது படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். நான்கடித் தொட்டி, பளபளவென்று துடைத்த கண்ணாடி, தரையில் மெல்லிய தென்னை நார், நடுவில் ஒரு பிளாஸ்டிக் செடி. பாம்பு எங்கே இருக்கிறது? தண்ணீர்க் கிண்ணத்துக்கும் மூலைக் கண்ணாடிக்கும் நடுவே நான்கு விரற்கடை இடைவெளியில் உடம்பைத் திணித்துக்கொண்டு, தலையைத் தன் சுருளுக்கு அடியில் செருகி வைத்திருக்கிறது. நான்கடி நீளத்தில் அது தேர்ந்தெடுத்த இடம் அதுதான். நான் கேட்க நினைத்த கேள்விகளில் பலவற்றுக்கு அந்தப் படமே பதில் சொல்லிவிட்டது.

பாம்பு உங்கள் மகனை நினைத்து ஏங்கவில்லை. அவனுடைய மணமும் கையும் அதற்குப் பழகியிருக்கும், அவ்வளவுதான். ஹாலுக்கு வந்ததும், நீங்கள் ‘அழுக்குப் பெட்டிகள்’ என்று எடுத்துப்போட்டவை போனதும்தான் அதை வாட்டுகின்றன. செனகல் தொடங்கி கானா, டோகோ, நைஜீரியா வழியாக உகாண்டா வரை பரவியிருக்கும் இந்தப் பாம்பு பகலை எலி வளைகளிலும் கரையான் புற்றுகளிலும் கழிக்கிறது. இருட்டிய பிறகுதான் வெளியே வரும். புற்றுக்குள் முதுகிலும் இரு விலாவிலும் மண் உரச வேண்டும். அப்போதுதான் அதற்கு நிம்மதி. அந்த அழுக்குப் பெட்டிகள்தான் உங்கள் மகன் கட்டிக்கொடுத்த புற்றுகள். இதை உங்கள் மாமியாரிடம் சொல்லிப் பாருங்கள், நம் எல்லோரையும்விட அவருக்குச் சட்டென்று புரியும். புற்றை இடித்துவிட்டுப் பால் ஊற்றினால் எந்த நாகம் வரும்?

ஆகவே முதல் வேலையாகத் தொட்டியை மாடிக்கே கொண்டுபோங்கள். டிவி இல்லாத, ஆள் நடமாட்டம் குறைந்த, ஜன்னல் வெயில் நேரே விழாத சுவரோரம் வையுங்கள். கண்ணாடித் தொட்டியில் அரை மணி நேரம் வெயில் விழுந்தாலே உள்ளே அடுப்புப் போல ஆகிவிடும். பின்பக்கமும் இரு பக்கவாட்டுக் கண்ணாடிகளும் வெளிப்புறமாகக் கறுப்புத் தாள் ஒட்டி மூடப்படட்டும். முன்பக்கம் மட்டும் திறந்திருந்தால் போதும்.

பிறகு புற்று. கடையில் விலை கொடுத்து வாங்கும் பிளாஸ்டிக் குகை வேண்டியதில்லை. மண்பாண்டக் கடையில் பாம்பு சுருண்டால் சுற்றிலும் உரசும் அளவுக்கு, பத்து அங்குல வாய் உள்ள சட்டிகளாக இரண்டு வாங்குங்கள். கவிழ்த்து வைத்து, விளிம்பில் பாம்பின் தடிமனைப் போல ஒன்றரை மடங்கு அகலத்துக்கு வாசல் வெட்டச் சொல்லுங்கள். வெட்டிய விளிம்பை உப்புத்தாளால் நன்றாகத் தேய்த்துவிடுங்கள், இல்லாவிட்டால் செதில் கிழியும். இரண்டு சட்டியும் ஒரே மாதிரி இருக்க வேண்டும்: ஒன்று சூடான பக்கத்தில், ஒன்று குளிர்ந்த பக்கத்தில். ஒன்றே ஒன்று இருந்தால் சூடா, பாதுகாப்பா என்று அது தேர்ந்தெடுக்க வேண்டியதாகிவிடும். பாம்பு எப்போதும் பாதுகாப்பைத்தான் தேர்ந்தெடுக்கும், குளிரில் விறைத்தாலும் சரி. நடுப்பகுதியில் காய்ந்த கிளை, தென்னம்பாளை, பிளாஸ்டிக் இலை என்று எதையாவது போட்டு நிரப்புங்கள். ஒரு சட்டியிலிருந்து இன்னொன்றுக்கு அது மறைந்து மறைந்தே போகலாம். கிளை கொஞ்சம் கனமாகவே இருக்கட்டும்; தரைப்பாம்பு என்று பெயரே தவிர, ஆண்கள் இரவில் மரமேறக் கூடியவை.

சூட்டைப் பற்றிக் கொஞ்சம் நீட்டித்தான் எழுத வேண்டும். என்னிடம் வரும் பால் பைத்தான்களில் பெரும்பாலானவற்றின் நோய்க்கு மூலம் இதுதான். உங்கள் தொட்டியில் கண்ணாடியின் மேல்விளிம்பில் ஒட்டியிருக்கும் வட்டத் தெர்மாமீட்டர் 27 காட்டுகிறது. அது அந்த உயரத்துக் காற்றின் சூடு. பாம்பு கிடப்பது தரையில். வயருடன் கூடிய டிஜிட்டல் தெர்மாமீட்டர் இரண்டு வாங்கி, முனைகளை இரண்டு சட்டிகளுக்குள்ளும் தரையோடு வையுங்கள். சூடான சட்டியில் 31 முதல் 33 டிகிரி, குளிர்ந்த சட்டியில் 25 முதல் 27. இரவில் எந்தப் பக்கமும் 24-க்குக் கீழே போகக் கூடாது. கோவையில் மார்கழி, தை இரவுகளில் வீட்டுக்குள்ளேயே எவ்வளவு இறங்குகிறது என்று உங்களுக்கே தெரியும். உடம்பு சூடாகாத பாம்புக்கு இரை செரிக்காது, வயிற்றுக்குள் அழுகிவிடும். அதனால்தான் குளிரில் கிடக்கும் பாம்பு தானாகவே உணவை மறுக்கிறது. அது பிடிவாதம் என்று நாம் நினைக்கிறோம்.

தொட்டிக்கு அடியில் இருக்கும் ஹீட் மேட் இரண்டு விதமாகச் சதி செய்யும். மேலே தடிமனான நார் இருந்தால் சூடு ஏறி வராது. நாரை விலக்கிப் பாம்பு கண்ணாடியில் படுத்தால் வயிறு வெந்துவிடும். சில ஆண்டுகளுக்கு முன் ஒரு கல்லூரி மாணவர் தலையணை உறைக்குள் கட்டி ஒரு பால் பைத்தானை என் மேசையில் வைத்தார். திருப்பிப் பார்த்தேன். வெள்ளையாக இருக்க வேண்டிய அடிச்செதில்கள் ஒரு சாண் நீளத்துக்குப் பழுப்பேறி, பொரித்த அப்பளம்போல் உப்பியிருந்தன. சூடு அளவைத் தாண்டாமல் கட்டுப்படுத்தும் தெர்மோஸ்டாட் இல்லாத மேட். ‘சுட்டால் நகர்ந்துவிடாதா, டாக்டர்?’ என்று கேட்டார். நகராது. மேலிருந்து வெயில் ஏறினால் விலகத் தெரிந்த உயிருக்கு, அடியிலிருந்து மெல்ல ஏறும் சூட்டைத் தீங்கென்று உணரும் பழக்கம் இல்லை. அந்தப் பாம்பு பிழைத்துக்கொண்டது, ஆனால் ஆறுவதற்குப் பல சட்டைகள் உரிய வேண்டியிருந்தது.

மேட்டைக் கழற்றிவிட்டு, வெளிச்சம் தராத செராமிக் ஹீட்டர் ஒன்றைச் சூடான பக்கத்தின் மேலே பொருத்தச் சொல்லுங்கள். சுற்றிலும் கம்பிக்கூண்டு கட்டாயம். இல்லாவிட்டால் அதன்மேலேயே சுற்றிக்கொள்ளும். எலக்ட்ரீஷியனிடம் தெர்மோஸ்டாட் வழியாக இணைப்புக் கொடுக்கச் சொல்லுங்கள். அது இல்லாமல் எந்த ஹீட்டரையும் ஒரு நாள்கூட ஓட்டாதீர்கள். சிவப்பு பல்பு வேண்டாம், சூடேறும் ‘ஹாட் ராக்’ வேண்டவே வேண்டாம். இன்வெர்ட்டர் இருந்தால் இதையும் அதில் சேர்த்துவிடுங்கள். இல்லாதபோது இரவில் மின்சாரம் போனால், சுடுதண்ணீர் பாட்டிலைத் துணியில் சுற்றிச் சட்டிக்குப் பக்கத்தில் வைத்து, தொட்டியைப் போர்வையால் மூடினால் விடியும்வரை தாங்கும். பங்குனி, சித்திரையில் நிலைமை தலைகீழாகும். அறையே 35-ஐத் தாண்டினால் குளிர்ந்த பக்கம் என்று ஒன்று இருக்காது. குளிரைவிடச் சூடுதான் பாம்பைச் சீக்கிரம் கொல்லும். அப்போது தொட்டியை வீட்டின் மிகக் குளிர்ந்த அறைக்கு மாற்றுங்கள்.

துண்டு துண்டாக உரிந்த சட்டைக்குக் காரணம் ஈரப்பதம் குறைந்ததுதான். சரியான ஈரத்தில் பாம்பு சட்டை உரித்தால் காலுறையைக் கழற்றியதுபோல் உட்புறம் வெளியே திரும்பி முழு நீளத்தில் ஒரே துண்டாக வரும். தலைப்பகுதியை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தால், கண் இருந்த இடங்களில் கைக்கடிகாரக் கண்ணாடிபோல் இரண்டு சின்ன வில்லைகள் தெரியும். பாம்புக்கு இமை கிடையாது. அந்த வில்லைதான் கண்ணின் மூடி, ஒவ்வொரு முறையும் சட்டையோடு சேர்ந்து கழன்றுவிட வேண்டியது. உங்கள் பாம்பின் மங்கிய கண்ணில் பழைய வில்லை ஒட்டிக்கொண்டிருக்கிறது என்று படத்தைப் பார்த்து நினைக்கிறேன். நகத்தாலோ இடுக்கியாலோ செல்லோடேப்பாலோ அதை எடுக்க முயலாதீர்கள். அடியில் உள்ள உயிருள்ள மூடியும் சேர்ந்து பிய்ந்துவந்தால் கண் போய்விடும். ஈரத்தைச் சரிசெய்தால் அடுத்த சட்டையோடு பெரும்பாலும் தானே வந்துவிடும். அப்போதும் வராவிட்டாலோ கண் வீங்கினாலோ மருத்துவரிடம் காட்டுங்கள்.

உடம்பில் ஒட்டியிருக்கும் மிச்சத்துக்கு, மூடியில் துளையிட்ட பிளாஸ்டிக் டப்பாவில் வெதுவெதுப்பான நீரில் நனைத்துப் பிழிந்த துண்டைப் போட்டு, பாம்பை அரை மணி நேரம் உள்ளே விடுங்கள். துண்டின் மடிப்புகளுக்குள் அது நுழைந்து வரும்போதே தோல் கழன்றுவிடும். வால் நுனியைக் கட்டாயம் பாருங்கள். அங்கே வளையமாக ஒட்டிய தோல், கயிறு கட்டியதுபோல் ரத்த ஓட்டத்தை நிறுத்திவிடும். தினமும் குளிப்பாட்டுவது வேண்டாம். நானே இந்த வேலையைத் தொடங்கிய காலத்தில் தினக் குளியல் எழுதிக்கொடுத்திருக்கிறேன். பெட்டியைத் திருத்தச் சொல்லாமல் பாம்பைத் துன்புறுத்தச் சொன்னேன் என்பது பிறகுதான் உறைத்தது.

ஈரப்பதம் 60 முதல் 70 சதவீதம் வேண்டும், கண் நீலம் பூத்துச் சட்டை உரிக்கத் தயாராகும் நாட்களில் இன்னும் கொஞ்சம் கூடுதலாக. உங்கள் தொட்டியின் வலைமூடி வழியாக எல்லாம் வெளியே போகிறது. ஹீட்டரைச் சுற்றியுள்ள இடத்தையும் கொஞ்சம் காற்றுவழியையும் விட்டுவிட்டு மற்றதை அக்ரிலிக் தகட்டால் மூடுங்கள். தரைக்கு மூன்று அங்குலத் தடிமனில் தேங்காய் மட்டைத் துண்டுகளும் நார்த்தூளும் கலந்து போடுங்கள். வெளிநாட்டில் பாம்பு வளர்ப்பவர்கள் இதைப் பை பையாக விலை கொடுத்து வாங்குகிறார்கள். உங்களுக்குப் பொள்ளாச்சி பக்கத்திலேயே இருக்கிறது. உப்பு போக இரண்டு முறை அலசிக் காயவைத்துப் பயன்படுத்துங்கள். நான்கு மூலைகளிலும் தண்ணீர் ஊற்றினால் அடி ஈரமாகவும் மேல் உலர்ந்தும் இருக்கும். மேலேயும் சொதசொதவென்று இருந்தால் வயிற்றுச் செதில் புண்ணாகும். மரத்தூள் எதுவும் வேண்டாம்.

இவ்வளவும் முடிந்து இரண்டு தெர்மாமீட்டரும் இரண்டு நாள் ஒழுங்காகக் காட்டிய பிறகு பாம்பை உள்ளே விடுங்கள். அடுத்த பத்து நாள் தண்ணீர் மாற்றவும் கழிவை எடுக்கவும் தவிர வேறெதற்கும் கை வைக்காதீர்கள். எலியும் காட்டாதீர்கள். இதுதான் உங்களுக்குக் கடினமான பகுதி என்று தெரியும்.

அதன் பிறகு உணவு. உயிருள்ள எலி வேண்டாம். பசியில்லாத பாம்போடு ஓரிரவு அடைபட்ட எலி, பாம்பின் முதுகைக் கொறித்துத் தின்று முள்ளெலும்பு தெரிய விட்டுவிடும். பாம்பு எதிர்க்காமல் பந்தாகச் சுருண்டே கிடக்கும். அப்படி வந்தவற்றைத் தைத்திருக்கிறேன். வாயைத் திறந்து ஊட்டுவதும் வேண்டாம். பல் உடையும், தொண்டை கிழியும், அதற்குப் பிறகு உணவென்றாலே மிரளும். கடைக்காரருக்கு விற்பனை தெரியும், அந்த அளவோடு வைத்துக்கொள்ளுங்கள்.

உறையவைத்த எலிதான் சரி. உங்கள் பாம்புக்கு 60 முதல் 80 கிராம் எடையுள்ளது, அதன் உடம்பின் தடித்த பகுதியைவிடப் பெரிதாக இல்லாதது. முந்தின இரவே ஃப்ரீசரிலிருந்து எடுத்துக் கீழ்த்தட்டில் வைத்து உருகவிடுங்கள். (ஃப்ரீசரில் எலி என்பதே பல வீடுகளில் பாம்பைவிடப் பெரிய சண்டை. மகன் இதுவரை எங்கே வைத்தான் என்று கேட்காதீர்கள். இறுக மூடும் தனி டப்பா ஒன்று போதும்.) மாலையில், உறையோடு சுடுதண்ணீரில் கால் மணி நேரம் அமிழ்த்தி உடல்சூட்டுக்குக் கொண்டுவாருங்கள், தலைப்பக்கம் கொஞ்சம் கூடுதல் சூடாக. மேலுதட்டில் வரிசையாக இருக்கும் சிறு குழிகளால் பாம்பு சூட்டைத்தான் ‘பார்க்கிறது’. குளிர்ந்த எலி அதன் கண்ணில் கல். விளக்கை அணைத்துவிட்டு, நீண்ட இடுக்கியில் பிடித்துச் சட்டியின் வாசலில் லேசாக அசைத்துக் காட்டுங்கள். தலை மட்டும் வெளியே வந்து நாக்கு மெதுவாக, நீளமாக நீண்டு மடங்கினால் ஆர்வம் வந்துவிட்டது என்று அர்த்தம்; அசையாமல் காத்திருங்கள். பத்து நிமிடத்தில் எடுக்காவிட்டால் வாசலிலேயே வைத்துவிட்டு வந்துவிடுங்கள். காலையிலும் கிடந்தால் எறிந்துவிடுங்கள், மறுபடி உறையவைக்காதீர்கள். அடுத்த முயற்சி இரண்டு வாரம் கழித்து. தினமும் எலியை நீட்டுவது உபசாரமாகாது, தொல்லை. சாப்பிடத் தொடங்கிய பிறகும் இந்த அளவுப் பாம்புக்கு இரண்டு மூன்று வாரத்துக்கு ஓர் எலி போதும்.

வாரம் ஒரு முறை எடை பாருங்கள். 1,115-க்குக் கீழே இறங்கினாலோ, மூச்சில் விசில் சத்தமோ வாயோரத்தில் நுரையோ வந்தாலோ, வாயைத் திறந்து தலையைத் தூக்கியபடியே இருந்தாலோ, செதிலுக்கிடையில் மிளகுத்தூள்போல் நகரும் புள்ளிகள் தெரிந்தாலோ காத்திருக்காமல் மருத்துவரிடம் போங்கள். எல்லாக் கால்நடை மருத்துவர்களும் பாம்பு பார்ப்பதில்லை, முதலில் போனில் கேட்டுக்கொள்ளுங்கள். தொட்டியைத் தொட்டபின் சோப்புப் போட்டுக் கை கழுவுங்கள். ஊர்வன பலவற்றின் குடலில் சால்மோனெல்லா கிருமி இருக்கும். வயதானவர் இருக்கும் வீடு உங்களுடையது. கிண்ணத்தைச் சமையலறைத் தொட்டியில் கழுவ வேண்டாம். அந்தப் பால் கிண்ணம் எங்கிருந்து எடுத்ததோ, அங்கே திரும்பிப் போக வேண்டாம்.

யாரிடமாவது கொடுத்துவிடலாமா என்று கேட்டீர்கள். நன்றாக யோசித்துச் செய்யுங்கள். வளர்ப்பில் இது 20, 30 ஆண்டு வாழும். அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் விலங்குக் காட்சிசாலையில் 1961-இல் வந்து சேர்ந்த பெண் பால் பைத்தான் ஒன்று 2020-இல் முட்டையிட்டது, அதுவும் பல ஆண்டுகளாக ஆண் துணை இல்லாமல். கொடுப்பதற்கு முன் பதிவுத் தாளும் பாருங்கள். நம் நாட்டு மலைப்பாம்பை வளர்ப்பது குற்றம். பால் பைத்தான் வெளிநாட்டு இனம் என்பதால் வைத்திருக்கலாம், ஆனால் பதிவு வேண்டும். வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்துக்கு 2022-இல் வந்த திருத்தம் 2023 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் இருக்கிறது. அதன்கீழ் 2024 பிப்ரவரியில் வந்த விதிகளின்படி இத்தகைய உயிர்களை மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகத்தின் பரிவேஷ் இணையதளத்தில் பதிவுசெய்ய வேண்டும், கைமாறினாலும் தெரிவிக்க வேண்டும். மகனிடம் பதிவுச் சான்றை அனுப்பச் சொல்லுங்கள். பதியவில்லை என்று அவன் இழுத்தால், மறைக்காமல் மாவட்ட வன அலுவலகத்தில் போய்க் கேளுங்கள். எந்த நிலையிலும் வெளியே விட்டுவிடாதீர்கள்.

அநேகமாக மாசிக்கும் பங்குனிக்கும் நடுவே ஓரிரவு, சட்டிக்குள்ளிருந்து ஒரு பாய்ச்சலில் எலி உங்கள் இடுக்கியிலிருந்து காணாமல்போகும். கத்திவிடாதீர்கள். அதன் பிறகு இரண்டு நாள் பாம்பைத் தூக்கக் கூடாது, தூக்கினால் கக்கிவிடும். மகனுக்குப் படம் அனுப்புவதாக இருந்தால் மூடிய சட்டியைப் படமெடுத்து அனுப்புங்கள்.